மாவு பிசுபிசுத்தால் கைப்பக்குவத்தைக் குறை சொல்லலாமா?



சப்பாத்தி போட்டு விற்றுக் குடும்பத்தைப் பார்த்துக்கொள்ளும் சகோதரி ஒருவர் ரமலானுக்குச் சில நாள் முன்பு வந்து வருத்தப்பட்டார். அதே கடை, அதே அளவு தண்ணீர். ஆனாலும் புது மூட்டை மாவு பலகையில் ஒட்டுகிறது. கல்லில் போட்டால் உப்புவதற்குள் சிவந்துவிடுகிறது. வாடிக்கையாளர்கள் கைப்பக்குவம் போய்விட்டது என்கிறார்கள். அவரோ கடைக்காரர் கலப்படம் செய்கிறார் என்று சந்தேகப்படுகிறார். ஆதாரமில்லாமல் ஒரு முஸ்லிமின் வியாபாரத்தைச் சந்தேகிப்பதற்கு முன், மாவு எப்படி உருவாகிறது என்று பார்ப்போம்.

கோதுமை மாவில் தண்ணீர் விட்டுப் பிசையும்போது அதிலுள்ள குளூட்டெனின், கிளையடின் என்ற புரதங்கள் சேர்ந்து குளூட்டன் என்னும் பசைவலை உண்டாகிறது. முதலாவது மாவுக்கு வலுவையும், இரண்டாவது இழுபடும் தன்மையையும் தருகிறது. புரோட்டா மாஸ்டர் வீசும்போது மாவு கிழியாமல் விரிவது இந்த வலையால்தான்.

புரதத்துக்குத் தழைச்சத்து வேண்டும். யூரியாவில் அது 46 சதவீதம். பயிர் இளசாக இருக்கும்போது போடும் யூரியா பெரும்பாலும் விளைச்சலைக் கூட்டும். பூக்கும் சமயத்தில் கொடுப்பது மணியின் புரதத்தைக் கூட்டும். ஆனால் விவசாயிக்கு எடைக்குத்தான் பணம், அரசுக் கொள்முதலில் புரதத்துக்குத் தனி விலை கிடையாது. பிறகு அவர் ஏன் அந்தச் செலவைச் செய்ய வேண்டும்? யூரியாவை அள்ளிக் கொட்டினாலும் பயன் இல்லை, பயிர் சாய்ந்துவிடும். மண்ணில் கந்தகச்சத்து குறைந்திருந்தால், மாவு விறைப்பாகி நீளாமல் அறுந்துபோகும்.

உரமாவது மனிதன் கையில் இருக்கிறது. வெயிலும் மழையும் அல்லாஹ்வின் நாட்டம். வடநாட்டில் நவம்பர் வாக்கில் விதைக்கும் கோதுமை மார்ச்சில் பால்பிடித்து முற்றும். 2022 மார்ச், இந்தியாவில் 1901 முதல் பதிவான மார்ச் மாதங்களிலேயே அதிக வெப்பமானது. பஞ்சாப், ஹரியானாவில் மணிகள் சுருங்கின. மே 13 அன்று அரசு கோதுமை ஏற்றுமதியைத் தடை செய்தது. கொள்முதலில் 6 சதவீதமாக இருந்த சுருங்கிய மணிகளின் வரம்பு 18 ஆக உயர்த்தப்பட்டது. சுருங்கிய மணியில் மாவுச்சத்து குறைவு, தவிடு அதிகம். புரத சதவீதம் கூடியதுபோலத் தெரிந்தாலும், கடும் வெப்பத்தில் முற்றிய மணியின் பசைவலை பலவீனமாகவே இருக்கும்.

மழையின் சேதம் வேறு விதம். 2023இல் அறுவடை நேரத்தில் மழை பெய்து, மணிகள் பளபளப்பை இழந்தன. முற்றிய கதிர் நனைந்து ஈரத்திலேயே நின்றால் மணி கதிரிலேயே முளைவிடத் தொடங்கும். அப்போது ஆல்ஃபா அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும். மாவு தளர்ந்து ஒட்டுவதும், ரொட்டி சீக்கிரம் சிவப்பதும் இதனால்தான். சகோதரி சொன்ன அடையாளங்கள் இதோடு ஒத்துப்போகின்றன.

அப்படிப்பட்ட மாவுக்குத் தண்ணீரைக் குறைத்து, உப்பைச் சிறிது கூட்டி, பிசைந்ததும் அதிகம் ஊறவிடாமல் சுட வேண்டும். நல்ல மாவோடு கலந்தாலும் சமாளிக்கலாம். தவிடு அதிகமான மாவுக்கு நேர்மாறு: தண்ணீர் கூடுதலாக விட்டு அரைமணி நேரம் ஊறவையுங்கள்.

மூட்டையாக வாங்குமுன் ஒரு கிலோ வாங்கிப் பாருங்கள். எலுமிச்சையளவு மாவைப் பிசைந்து இருபது நிமிடம் வைத்து, கிண்ணத் தண்ணீரில் மெதுவாகக் கசக்கிக் கழுவுங்கள். வெண்மை கரைந்தோடியதும் ரப்பர் போல ஓர் உருண்டை மிஞ்சும். இழுத்தால் நீண்டு திரும்பினால் நல்ல மாவு. கையில் ஒன்றும் சேராமல் கரைந்துபோனால் அந்த மூட்டை வேண்டாம். ஆட்டாவில் தவிடு குறுக்கிடும் என்பதால் முதலில் மைதாவில் செய்து பழகிக்கொள்ளுங்கள்.

அந்தச் சகோதரி பழைய மாவையும் புதியதையும் பாதிக்குப் பாதி கலந்தார். அல்ஹம்துலில்லாஹ், இஃப்தாருக்கு வாங்கியிருந்த ஆர்டர் எதையும் அவர் திருப்ப வேண்டி வரவில்லை.