கருவிழியின் மேற்படலத்தை நீக்குவது எப்படி? பி.ஆர்.கே. செய்துகொள்வோருக்கு முழுமையான வழிகாட்டி

கண்ணாடியைக் கழற்ற, கருவிழியை லேசரால் செதுக்கும் பி.ஆர்.கே. சிகிச்சை செய்துகொள்ள வருபவர்கள் லேசரைப் பற்றித்தான் துருவித் துருவிக் கேட்பார்கள். பிந்தைய நாட்களின் வலிக்குக் காரணமோ லேசருக்கு முன் நடக்கும் சிறு வேலை: எபிதீலியம் என்ற மேற்படலத்தை அகற்றுவது.

எதை எடுக்கிறார்கள்?

கருவிழியின் நடுத் தடிமன் அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். அதில் எபிதீலியம் ஏறக்குறைய 50 மைக்ரான்தான். எடுத்தால் மீண்டும் வளரும். அதற்கு அடியிலுள்ள போமன் படலம் வளராது.

படி 1: தயார் செய்தல்

மரப்புச் சொட்டு, இமை மூடாமலிருக்க ஒரு கம்பிப் பிடிப்பான். ஊசி கிடையாது.

படி 2: படலத்தை அகற்றுதல்

பரவலான முறை ஆல்கஹால். 8 அல்லது 9 மி.மீ. வளையத்தைக் கருவிழிமேல் அழுத்தி வைத்து, 20 சதவீத எத்தனாலை ஊற்றி 20 முதல் 30 நொடி விடுவார்கள். பிறகு பஞ்சால் உறிஞ்சி, உப்புக் கரைசலால் நன்றாக அலசி, தளர்ந்த படலத்தை மழுங்கிய கருவியால் ஒதுக்குவார்கள். சூட்சுமம் வளையத்தைப் பிடிக்கும் கையில் இருக்கிறது. புதிய படலத்தை வளர்க்கும் மூலச்செல்கள் கருவிழியின் விளிம்பில் உள்ளன. ஆல்கஹால் அங்கே கசியக் கூடாது.

கத்தியால் சுரண்டுவது பழைய வழி, மெதுவானது. தாமதத்தில் அடித்திசு உலர்ந்தால் லேசர் கணக்குக்கு மேல் செதுக்கிவிடும். சுழலும் பிரஷ் வேகமானது.

லேசராலேயே படலத்தையும் எடுக்கும் டிரான்ஸ் பி.ஆர்.கே.யில் கருவி கண்ணைத் தொடாது. விளம்பரங்களில் இதற்குத்தான் மவுசு. ஆனால் இயந்திரம் படலத்தின் தடிமனை ஒரு பொதுக்கணக்கில் எடுத்துக்கொண்டால், சமமில்லாத படலம் உள்ளவர்களுக்குப் பிசகலாம். என்னைக் கேட்டால், முறையைவிட மருத்துவருக்கு அதில் உள்ள பழக்கமே முக்கியம்.

படி 3: லேசருக்குப் பின்

தழும்பு மங்கலைத் தடுக்க, தேவைப்படுவோருக்கு மைட்டோமைசின் மருந்தில் நனைத்த பஞ்சைச் சில நொடி வைப்பார்கள். கடைசியாக, கட்டுப்போல ஒரு கான்டாக்ட் லென்ஸ்.

படி 4: வீட்டில்

படலம் மூட மூன்று முதல் ஐந்து நாள் ஆகும். முதல் சில நாட்கள் எரிச்சல், கண்ணீர், வெளிச்சக் கூச்சம் கடுமையாக இருக்கும். கண்ணைக் கசக்காதீர்கள். லென்ஸ் விழுந்தால் நீங்களே திரும்பப் போடாதீர்கள். வலி தாளாமல் மரப்புச் சொட்டைக் கேட்கத் தோன்றும். அதைத் தொடர்ந்து விட்டால் படலம் வளராது, கருவிழியே கெடும். வலி குறையாமல் கூடினாலோ, சீழ் வடிந்தாலோ, பார்வை திடீரென மங்கினாலோ அன்றே மருத்துவரிடம் போங்கள்.