வெட்டும் இயந்திரம் வாங்கலாமா? - ஒரு கணக்குப் பாடம்

சங்கத்தின் பொதுப் பணத்தைக் கொண்டு ஓர் இயந்திரம் வாங்குவதற்கு முன் அங்கத்தினர்கள் தம்முள் கேட்டுக்கொள்ள வேண்டிய வினாக்கள் சில உண்டு. அவற்றை எடுத்துக்காட்டுடன் விளக்குவதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

நமது சரகத்தில் உள்ள நெசவாளர் சங்கம் ஒன்றில், தறியிலிருந்து மிஞ்சும் துண்டுத் துணிகளை இணைத்துப் பெண் அங்கத்தினர்கள் பதினைவர் ஒட்டுத்துணிப் போர்வை செய்கின்றனர். இதனை வெளிநாட்டார் ‘குயில்ட்’ என்பர். மேலே துண்டுகள் இணைந்த துணி, நடுவே பஞ்சுப் படலம், கீழே ஒரே துணி. மூன்றையும் சேர்த்துக் கையால் நூலோட்டித் தைத்தால் போர்வையாகிறது. மாதம் 12 போர்வைகள் விற்பனையாகின்றன. துணியை அச்சில் வைத்து வெட்டும் இயந்திரம் ஒன்றை வாங்குவதற்கான தீர்மானம் நிர்வாகக் குழுவின் முன் வந்தது. இயந்திரமும் அச்சுகள் மூன்றும் சேர்ந்து விலைப்புள்ளி ரூ. 60,000. சங்கத்தின் சேமிப்பில் அது பெரும்பகுதி. தீர்மானத்தை இரண்டு மாதம் தள்ளிவைக்குமாறு நாம் கேட்டுக்கொண்டோம். அதற்குக் காரணமும் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு சங்கத்தில், விற்க வந்தவரின் பேச்சை மட்டும் நம்பி ஓர் இயந்திரத்துக்கு நாமே பரிந்துரை எழுதினோம். அது இன்றும் தார்ப்பாயின் கீழ் கிடக்கிறது.

இயந்திரம் வேலை செய்யும் விதம்

முறை புதிதன்று. காலணித் தொழிலில் இது நெடுங்காலமாக வழங்கி வருவது. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தோல் வேலை செய்வோர் நன்கு அறிவர். மெல்லிய எஃகுத் தகட்டை வேண்டிய வடிவில் வளைத்துப் பலகையில் பதித்ததே அச்சு. வெட்டிய துணியை மேலே தள்ளுவதற்கு அதனுள் பஞ்சு போன்ற ரப்பர் இருக்கும். அச்சின்மேல் துணியை அடுக்கி, அதன்மேல் வெட்டுப் பாய் ஒன்றை வைத்து, இரண்டு உருளைகளுக்கிடையே செலுத்தினால் அழுத்தத்தால் துணி வெட்டுப்படுகிறது. சாதாரணப் பருத்தித் துணியில் ஆறு மடிப்புவரை ஒரே முறையில் வெட்டலாம்.

நெசவாளராகிய நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. பாவு நூல் இழுவைக்கு இடம் கொடாது. ஊடை நூல் சற்று இளகும். ஆகையால் பாவு நூல் உருளைக்குள் நேரே செல்லும்படி துணியை வைக்க வேண்டும். மாற்றி வைத்தால் உருளையின் இழுப்பில் துணி நீண்டு, சதுரம் கோணலாகிவிடும். தளர்ந்த நெசவானால் கஞ்சியிட்டுத் தேய்த்த பின்னரே வெட்டுதல் நலம்.

ஒவ்வொரு வடிவுக்கும் ஒவ்வோர் அளவுக்கும் தனித்தனி அச்சு வேண்டும் என்பதையும், வெட்டுப் பாய் தேய்ந்து அவ்வப்போது மாற்றப்பட வேண்டியது என்பதையும் மறத்தலாகாது.

நேரம் எங்கே செல்கிறது?

முதல் மாதத்தில் அங்கத்தினர்கள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் நேரத்தைக் குறித்து வந்தனர். போர்வையின் அளவு 60 அங்குலத்துக்கு 90 அங்குலம். தைத்தபின் 5 அங்குலம் நிற்கும் சதுரங்கள் அகலத்தில் 12, நீளத்தில் 18, ஆக 216. தையலுக்காக ஒவ்வொரு பக்கமும் கால் அங்குலம் விடுவதால் வெட்டும் அளவு ஐந்தரை அங்குலம். ஒரு போர்வைக்கு வெட்ட 3 மணி, துண்டுகளை இணைக்க 9 மணி, நூலோட்ட 40 மணி, ஓரம் கட்ட 3 மணி. மொத்தம் 55 மணி ஆயிற்று.

இயந்திரத்தில் ஆறு மடிப்பாக வெட்டினால் 36 முறை செலுத்த வேண்டும். துண்டுத் துணிகளை அச்சின் அளவுக்கு முன்னரே கத்தரித்துத் தேய்த்து அடுக்கும் நேரத்தையும் சேர்த்தால் ஒன்றேகால் மணி ஆகும். ஆகவே போர்வைக்கு ஒன்றேமுக்கால் மணி மிச்சம். ஆண்டுக்கு 144 போர்வைகளில் 252 மணி. மணிக்கு ரூ. 50 கூலி எனின் ரூ. 12,600.

இனிச் செலவைப் பார்ப்போம். பத்தாண்டில் தேய்மானம் என்று கொண்டால் ஆண்டுக்கு ரூ. 6,000. அப்பணம் வைப்பில் இருந்தால் நூற்றுக்கு 7 வீதம் வரக்கூடிய வட்டி ரூ. 4,200. வெட்டுப் பாய், பழுது ஆகியவற்றுக்கு ரூ. 3,000. மொத்தம் ரூ. 13,200. வெட்டும் நேரத்தை மட்டும் கருதினால் ஆண்டுக்கு ரூ. 600 நட்டம்.

ஆயினும் கணக்கு இத்துடன் முடியவில்லை. இணைக்கும் 9 மணியில் 2 மணி, தைத்ததைப் பிரித்து மீண்டும் தைப்பதில் கழிந்தது. அட்டை மாதிரியின் ஓரம் தேய்ந்திருந்தது. துண்டு ஒன்றுக்கு அரைக்கால் அங்குலம் பிசகினால் பன்னிரண்டு துண்டுகளில் ஒன்றரை அங்குலம் பிசகும். அச்சில் வெட்டினால் இத்தொல்லை இராது. அந்த 2 மணியையும் சேர்த்தால் மிச்சம் ஆண்டுக்கு ரூ. 27,000, செலவு போக ரூ. 13,800 ஆதாயம்.

மிச்சம் யாருடையது?

இக்கணக்கைப் படித்துக் காட்டியபோது, பதினோர் ஆண்டுகளாகத் துணி வெட்டிவரும் மூதாட்டி ஒருவர் எழுந்தார். “ஐயா, வெட்டுக்கூலி போர்வைக்கு நூற்றைம்பது ரூபாய் எனக்கு வருகிறது. நீங்கள் சொன்ன பன்னிரண்டாயிரத்து அறுநூறும் அதிலிருந்துதானே எடுக்கப்போகிறீர்கள்?” என்று கேட்டார்.

கூட்டத்தில் ஒருவரும் பேசவில்லை. அவர் கூறியது முற்றிலும் உண்மை. கூலி விகிதத்தைக் குறைத்தாலன்றி அந்த மிச்சம் சங்கத்தின் பெட்டிக்கு வராது. பிரித்துத் தைக்கும் நேரமோ வேறு வகை. அதற்கு யாருக்கும் கூலி இல்லை. தைப்பவர்கள் தம் நேரத்தை வீணே இழந்து வந்தனர். அதனைக் குறைத்தால் ஒருவர் கூலியும் குறையாமல் பலர் நேரம் மிஞ்சும். தனியார் நிறுவனத்தின் கணக்கில் இவ்வேறுபாடு தெரியாது. கூட்டுறவுச் சங்கத்தின் கணக்கில் தெரிந்தே ஆக வேண்டும்.

இடைவழி

துல்லியமே முதல் தேவை எனில் அதனைக் குறைந்த செலவில் பெற இயலுமா? சக்கரம்போல் உருளும் வட்டக் கத்தி 1979இல் ஜப்பானில் அறிமுகமானது. அதனுடன் கோடிட்ட கண்ணாடி நிற அளவுகோலும் வெட்டுப் பலகையும் சேர்த்து ரூ. 4,500க்கு வாங்கி, இரண்டாம் மாதம் சோதித்தனர். வெட்டும் நேரம் 2 மணியாகவும், பிரித்துத் தைப்பது அரை மணியாகவும் குறைந்தன. ஆக இரண்டரை மணி மிச்சம், ஆண்டுக்கு ரூ. 18,000. மூன்றாண்டுத் தேய்மானம், கத்தி அலகு, வட்டி எல்லாம் ரூ. 3,615. நிகரம் ரூ. 14,385. இயந்திரத்தைவிட இது ரூ. 585 மேல், முடங்கும் முதலோ பதின்மூன்றில் ஒரு பங்கு.

எல்லைக்கோடு மிக அருகில் இருப்பதையும் மறைக்கலாகாது. ஆண்டுக்கு 154 போர்வைகளுக்குமேல் போனால் இயந்திரமே மேல். ஆனால் போர்வை பெருகத் தடையாயிருப்பது வெட்டு அன்று. 40 மணி நூலோட்டம். வட்டக் கத்தியால் மாதம் மிஞ்சும் 30 மணியில் ஒரு போர்வைக்கு நூலோட்டக்கூட முடியாது. புதிய கைகள் நான்கைந்து சேராமல் எந்த இயந்திரமும் உற்பத்தியைப் பெருக்காது.

வாங்குவோர் எதற்கு விலை தருகின்றனர்?

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் வில்காக்ஸ் வட்டாரத்தில், ஏழைக் கறுப்பினப் பெண்கள் 1966இல் ‘ஃப்ரீடம் குயில்டிங் பீ’ என்ற கூட்டுறவு அமைப்பைத் தொடங்கினர். 1972இல் சியர்ஸ் என்னும் பெருங்கடை அவர்களிடம் கார்டுராய்த் துணியில் தலையணை உறைகள் கேட்டது. அவ்வேலைக்கு எல்லா உறைகளும் ஒரே அளவாய் இருத்தல் வேண்டும். அதில் மிஞ்சிய துண்டுகளைப் பெண்கள் வீட்டுக்குக் கொண்டுபோய்த் தம் மனம்போல் வெட்டிப் போர்வை செய்தனர். ஜீஸ் பெண்ட் என்னும் அவ்வட்டாரத்துப் போர்வைகள் 2002இல் ஹூஸ்டன் கலைக்கூடத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன. அங்கே மதிக்கப்பட்டது அச்சில் வார்த்த ஒழுங்கு அன்று, கையின் போக்கு. ஆகவே நம் சரக்கை வாங்குவோர் ஒழுங்கை விரும்புகின்றனரா, கைவண்ணத்தையா என்பதை அறியாமல் அச்சு வாங்கலாகாது.

தீர்மானம்

சங்கம் முடிவில் செய்த தீர்மானம் இது: இயந்திரம் இப்போது வேண்டாம். வட்டக் கத்தி இன்னும் ஒன்று வாங்குவது. வெட்டுக்கூலி ரூ. 150 குறையாது, வண்ணம் தேர்ந்து துண்டுகளை அடுக்கித் தரும் பொறுப்பும் வெட்டுபவரைச் சேரும். நான்கு புதிய அங்கத்தினர்க்கு நூலோட்டம் கற்பிப்பது. தொடர்ந்து ஆறு மாதம் 16 போர்வைகள் விற்றால் இப்பொருளை மீண்டும் மகாசபையில் வைப்பது. அம்மூதாட்டிக்குக் கட்டைவிரலில் நெடுநாள் வலி. கத்தரியைவிட வட்டக் கத்தி இலேசு என்கிறார். நாளை வலி மிகுந்தால் மின்சாரத்தால் இயங்கும் இயந்திரமே அவருக்கு உதவக்கூடும் என்பதையும் நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதச் செய்தோம்.

படிப்பு வட்டத்துக்குரிய வினாக்கள்

1. உங்கள் தொழிலில் மிகுதியான நேரம் எந்தக் கட்டத்தில் செல்கிறது? கடிகாரம் வைத்துக் குறித்ததுண்டா?
2. வாங்க நினைக்கும் இயந்திரம் அக்கட்டத்தைக் குறைக்குமா, வேறொன்றையா?
3. மிச்சமாகும் பணம் எந்த அங்கத்தினரின் கூலியிலிருந்து வருகிறது? அவர் அக்கூட்டத்தில் இருக்கிறாரா?
4. அதே பயனைக் குறைந்த முதலில் ஒரு மாதம் சோதித்துப் பார்க்க வழி உண்டா?