சாயத் துணி அலசும் முறை

தீபாவளி முற்பணத்தில் எடுத்த சிவப்புச் சட்டையோடு பிள்ளையின் பள்ளிக்கூட உடுப்பையும் ஊறப் போட்டு, வெள்ளை உடுப்பு பாழான வீடு எத்தனை! புதுப் பருத்தித் துணியில் நூலோடு சரியாக ஒட்டாத சாயம் கொஞ்சம் இருக்கும். முதல் சில சலவைகளில் அது கழன்று வரும். அதுவரை தனியாகத் துவையுங்கள். உப்புத் தண்ணியில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்று பெரியவங்க சொல்லுவாங்க. உப்பு அந்த நேரத்துக்குத்தான் பிடித்து வைக்கும்; அடுத்த அலசலில் திரும்பவும் போகும்.

பீலிக்கு அடியில் துணியைப் போட்டு அலச வேண்டாம். மாசியில் பீலியே மெலிந்து போகுதே. பேசினில் அலசுங்கள். அலசுமுன் நன்றாகப் பிழிவதுதான் முக்கியம். 2 லீற்றர் அழுக்குத் தண்ணியோடு இருக்கும் துணியை 10 லீற்றரில் ஒரே தடவை அலசினால் அழுக்கில் ஆறில் ஒரு பங்கு துணியிலேயே நிற்கும். அரை லீற்றர் மட்டும் மிஞ்சப் பிழிந்து, அதே 10 லீற்றரை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு தடவையும் பிழிந்து அலசினால் நூறில் ஒரு பங்குகூட மிஞ்சாது. சவர்க்காரம் கூடினால் அலசலும் கூடும்.

சாயத் தண்ணியை ஓடையில் ஊற்றாதீங்க. கீழ் லயத்து ஆட்கள் அதில்தான் குடம் நிரப்புறாங்க. ஊற்றுக்கும் மரக்கறிப் பாத்திக்கும் தள்ளி, மண்ணில் ஊற்றுங்கள். கடைசி அலசல் தண்ணியில் படங்கைத் துவைக்கலாம்.