வட்டிக்கடையில் படித்த உலக அரசியல்

உலக அரசியலை எழுதுகிறவர் என்றால் டெல்லியில் படித்தவராக, இங்கிலீஷில் பொளந்து கட்டுகிறவராகத்தான் இருக்க வேண்டும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டி வந்த முதல் ஆள் நான். அதனாலேயே ப.சிங்காரத்தைப் பற்றி எழுத ஆசைப்பட்டேன்.

1920-இல் சிங்கம்புணரியில் பிறந்தவர். 1938-இல், கிட்டத்தட்ட நம் வயதில், கப்பலேறி சுமத்திராத் தீவின் மெடான் நகரில் வட்டிக்கடை வேலைக்குப் போனார். நம்ம பக்கத்து ஆட்களுக்கு அந்தக் கரை புதுசு இல்லை. எங்கள் நார்த்தாமலையில் வியாபாரம் செய்த ஐந்நூற்றுவர் என்ற வணிகர் குழு, 1088-இலேயே சுமத்திராவின் பாருஸ் அருகே தமிழில் கல்வெட்டு வைத்திருக்கிறது!

1942-இல் ஜப்பான் படை டச்சுக்காரர்களிடமிருந்து சுமத்திராவைப் பிடித்தது. 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்ததும், 17-ஆம் தேதி சுகர்ணோ இந்தோனேசிய சுதந்திரத்தை அறிவித்தார். டச்சுக்காரன் விடுவானா? திரும்பி வந்தான். சண்டை 1949 வரை நீண்டது. ஜப்பான்காரன் அச்சடித்த நோட்டெல்லாம் வெறும் காகிதமாகிப் போச்சு. பேரேடு எழுதிப் பழகியவருக்கு அதன் அர்த்தத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

1946-இல் ஊர் திரும்பியவர், மறு வருஷம் மதுரை தினத்தந்தியில் சேர்ந்து 1987 வரை வேலை பார்த்தார். எழுதிய நாவல்கள் இரண்டே இரண்டு: ‘கடலுக்கு அப்பால்’, ‘புயலிலே ஒரு தோணி’. இரண்டாவதை 1962-இல் எழுதி முடித்தும் 1972-இல்தான் புத்தகமாக வந்தது. பத்து வருஷம்! நாமாக இருந்தால் பரணில் போட்டிருப்போம்.

அதன் நாயகன் பாண்டியன், நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து, பிறகு டச்சுக்காரரை எதிர்க்கும் கெரில்லாக்களோடு போகிறான். பத்திரிகையில் ‘இத்தனை பேர் பலி’ என்று ஒரு வரியில் முடிகிற சங்கதி, இங்கே கடைத்தெரு ஆட்களாக, பேரோடு ஊரோடு வருகிறது. எந்தக் கொடியைப் பார்த்தும் ஆசிரியர் கண்ணை மூடிக்கொண்டு கைதட்டவில்லை. எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்.

டிப்ளமா முடித்ததும் சிங்கப்பூர், மலேசியா என்று நம்மிலும் சிலர் போவோம். எங்கள் தெருவில் போய் வந்த அண்ணன்கள் சம்பளம், ஓவர்டைம் பற்றி நன்றாகச் சொல்வார்கள். அந்த நாட்டில் யார் ஆள்கிறார்கள், யாருக்கு என்ன வருத்தம் என்று கேட்டால், “அது நமக்கெதுக்குடா?” என்பார்கள். சிங்காரமும் பிழைப்புக்குத்தான் போனார். நான் போனால் பெட்டியில் ஒரு நோட்டும் இருக்கும்.

நாவலில் மலாய், டச்சுச் சொற்கள் நிறைய வரும். பயப்படாமல் ஐம்பது பக்கம் தாண்டுங்கள், பிறகு அதுவே இழுத்துக்கொண்டு போகும்.