மின்சாரம் திரும்பும்போது கணக்குகள் எங்கே போகின்றன?

2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை முற்பகல், பாணந்துறை உப மின் நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால் நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது. அதற்கு முன்னர், 2022 மார்ச் இறுதியில், மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டதை நமது வர்த்தகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த அனுபவங்களுக்குப் பின்னர் பலர் ஜெனரேட்டர் வாங்கினார்கள், யூபிஎஸ் வாங்கினார்கள். அவையெல்லாம் மின்சாரம் போகும் நேரத்துக்கான ஏற்பாடுகள். ஆனால் கடைக் கணக்குகளுக்குப் பெரும் ஆபத்து, மின்சாரம் திரும்பி வரும் முதல் ஐந்து நிமிடங்களில்தான் இருக்கிறது.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். புறக்கோட்டையில் கடை, வத்தளையில் களஞ்சியசாலை. விற்பனையையும் கையிருப்பையும் பதியும் லினக்ஸ் சேர்வர் களஞ்சியசாலையில் உள்ளது. பற்றுச்சீட்டுகளின் பிரதிகளும் இரவு தோறும் எடுக்கப்படும் காப்புப் பிரதியும் அதன் பக்கத்திலுள்ள நாஸ் எனப்படும் வலையமைப்புச் சேமிப்புப் பெட்டியில் சேர்கின்றன. கணினிப் பொறுப்பாளர் அங்கே இருப்பதில்லை. அவர் அக்கரைப்பற்றிலிருந்து இணையம் வழியாகவே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறார். நம்மவர்களின் நடுத்தர வியாபாரங்கள் பலவற்றில் இன்று ஏறக்குறைய இந்த ஏற்பாடுதான்.

சேர்வரைப் பொறுத்தவரை, அந்தப் பெட்டி தனது சொந்த வன்தட்டில் உள்ள ஒரு வெற்றுக் கோப்புறையின் மேல் பொருத்தப்படும் ஒரு மூடி போன்றது. இவ்வாறு பொருத்துவதையே மவுன்ட் செய்தல் என்பார்கள். மூடி பொருந்தியிருந்தால் அந்தக் கோப்புறையில் எழுதுவதெல்லாம் பெட்டிக்குப் போகும். பொருந்தாவிட்டாலும் கோப்புறை அங்கேயேதான் இருக்கும். சிக்கலின் வேர் இந்த ஒரு விடயம்தான்.

மின்சாரம் வந்ததும் ரவுட்டர், சுவிட்ச், நாஸ் பெட்டி, சேர்வர் எல்லாம் ஒரே நொடியில் விழித்துக்கொள்கின்றன. புதிய சேர்வர் ஒரு நிமிடத்தில் தயாராகிவிடும். நாஸ் பெட்டியோ தனது தட்டுக்களைப் பரிசோதித்து முடிக்கப் பல நிமிடங்கள் எடுக்கும். இன்றைய லினக்ஸ் வகைகளில் பெரும்பாலானவற்றின் தொடக்கத்தைக் கவனிக்கும் சிஸ்டம்டி, ஒரு மவுன்ட் வேலைக்கு வழக்கமாகக் கொடுக்கும் அவகாசம் 90 வினாடிகள் மட்டுமே. என்எப்எஸ் வகைப் பகிர்வு அந்த அவகாசம் முடியும் வரை முயன்று பார்க்கும். விண்டோஸ் பாணியிலான சிஐஎப்எஸ் பகிர்வு பெட்டியைக் காணாவிட்டால் உடனேயே கைவிட்டுவிடும்.

வலையமைப்பு எழும்பும் வரை காத்திருக்கச் சொல்லியிருக்கிறோமே என்று சிலர் கேட்பார்கள். நெட்வேர்க்-ஒன்லைன் எனும் அந்த நிலை, சேர்வரின் சொந்த வலையமைப்பு அட்டைக்கு முகவரி கிடைத்துவிட்டது என்பதை மட்டுமே கூறுகிறது. எதிர்ப்பக்கத்தில் பெட்டி விழித்திருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. பெட்டியை ஐபி முகவரியால் அழைக்காமல் பெயரால் அழைத்திருந்தால் இன்னொரு தடையும் சேரும்: பெயரை முகவரியாக மாற்றித் தரும் ரவுட்டரே இன்னும் எழும்பாமல் இருக்கலாம். கிளையிலுள்ள சேர்வர் தலைமையகப் பெட்டியை விபிஎன் வழியாக அடைவதென்றால், விபிஎன் தயாராகும் முன்னரே முயற்சி நடந்து தோற்றுவிடும்.

இதன் விளைவு இரண்டு விதமாக வெளிப்படும்.

முதலாவது, சேர்வர் பாதி வழியில் நின்றுவிடுவது. ஐஸ்கஸி முறையில் இணைக்கப்பட்ட சேமிப்பகங்களில் இது அடிக்கடி நேர்கிறது. அத்தகைய தட்டு லினக்ஸின் பார்வைக்கு உள்ளூர் வன்தட்டைப் போலவே தெரியும். எப்எஸ்டாப் கோப்பில் அதற்குரிய வரியில் அடிக்கோட்டுடன் தொடங்கும் நெட்டெவ் என்ற தெரிவை எழுதாவிட்டால், உள்ளூர்த் தட்டு ஒன்றைக் காணவில்லை என்று முடிவுசெய்து சேர்வர் அவசர நிலைக்குப் போய்விடும். அந்த நிலையில் தொலைவிலிருந்து நுழைவதற்கான எஸ்எஸ்எச் சேவை தொடங்கியிருக்காது. அக்கரைப்பற்றில் இருப்பவருக்குச் சேர்வர் இறந்துவிட்டது போலவே தோன்றும். களஞ்சியசாலையில் யாராவது திரையையும் விசைப்பலகையையும் செருகி, ரூட் கடவுச்சொல்லைக் கொடுத்து, அந்த வரியின் தொடக்கத்தில் ஒரு ஹேஷ் குறியை இட்டு, மீண்டும் இயக்க வேண்டும். சில லினக்ஸ் வகைகளில் ரூட் கடவுச்சொல் அமைக்கப்படாதிருந்தால் அந்தக் கதவும் திறக்காது. டெல் நிறுவனத்தின் ஐடிராக், எச்பியின் ஐஎல்ஓ போன்ற தொலை மேலாண்மை வசதியுள்ள சேர்வராயின் பயணம் மிச்சம். சேர்வர் வாங்கும்போது அந்த வசதிக்காகச் செலவாகும் மேலதிகப் பணத்தை வீண்செலவு என்று எண்ண வேண்டாம்.

இரண்டாவது விளைவு சத்தமில்லாதது. அதனாலேயே முதலாவதை விட மோசமானது. மவுன்ட் தோற்றாலும் சேர்வர் எழும்பிவிடுகிறது, விற்பனை தொடர்கிறது, எல்லோரும் அல்ஹம்துலில்லாஹ் என்கிறார்கள். மூடி பொருந்தாத அந்தக் கோப்புறையில், அதாவது சேர்வரின் சொந்த வன்தட்டில், பற்றுச்சீட்டுகள் குவிகின்றன. இரவில் காப்புப் பிரதியும் அங்கேயே எழுதப்பட்டு, வெற்றி என்ற செய்தி மின்னஞ்சலில் வருகிறது. மூலப்பிரதியும் காப்புப் பிரதியும் ஒரே தட்டில். அந்தத் தட்டு பழுதானால் இரண்டும் ஒன்றாகப் போகும்.

சில நாட்களின் பின்னர் யாரோ பெட்டியைக் கையால் மவுன்ட் செய்கிறார்கள். மூடி பொருந்திவிடுகிறது. இடைப்பட்ட நாட்களின் கோப்புகள் அதன் கீழே மறைந்துவிடுகின்றன. அழியவில்லை, ஆனால் எவர் கண்ணுக்கும் தெரியாது. வன்தட்டு நிரம்பியதாக ஒரு கட்டளை கூறும். கோப்புகளைக் கூட்டிப் பார்க்கும் மற்றொரு கட்டளை அவ்வளவு இல்லை என்று கூறும். இந்த முரண்பாட்டைக் கண்டால் மூடியின் கீழே தேட வேண்டும். ரூட் கோப்பு முறையை பைன்ட் மவுன்ட் மூலம் இன்னோர் இடத்தில் காட்டச் செய்தால், ஓடிக்கொண்டிருக்கும் எதையும் நிறுத்தாமலே மறைந்த கோப்புகளைக் கண்டெடுக்கலாம். அவசரப்பட்டு எதையும் அழித்துவிடக் கூடாது. ஒருவரின் பாக்கிக்கான ஒரே சான்று அங்கே கிடக்கலாம். அல்குர்ஆனின் மிக நீளமான வசனம் (2:282) கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியது என்பது நம் வாசகர்களுக்குப் புதிய செய்தியல்ல. எழுதியது எங்கே போய்ச் சேர்ந்தது என்று பார்ப்பதும் அந்த வேலையின் ஒரு பகுதியே.

சரி, இதற்கு என்ன செய்யலாம்? கீழே வரும் பெயர்களை உங்கள் கணினிப் பொறுப்பாளரிடம் அப்படியே சொல்லுங்கள், அவருக்குப் புரியும்.

நோஃபெயில் என்ற தெரிவைச் சேர்த்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது சேர்வர் பாதியில் நிற்பதைத் தடுக்கும், அவ்வளவுதான். மவுன்ட் முடியும் முன்னரே மற்ற மென்பொருள்கள் தொடங்குவதற்கும் அது வழிவிடுவதால், சத்தமில்லாத இரண்டாவது ஆபத்து கூடவே செய்யும். ஆகவே அதை மட்டும் தனியாகப் போடக் கூடாது. அதனுடன் சிஸ்டம்டியின் ஒட்டோமவுன்ட் தெரிவையும் சேர்க்க வேண்டும். அப்போது தொடக்கத்தில் ஒரே ஒரு முயற்சியுடன் விட்டுவிடாமல், யாராவது அந்தக் கோப்புறையைத் தொடும் நேரத்தில் மவுன்ட் முயற்சி நடக்கும். பெட்டி தயாரில்லை என்றால் எழுதும் முயற்சி பிழைச் செய்தியுடன் தோற்கும். வன்தட்டில் களவாகப் போய்ச் சேராது. பிழைச் செய்தி தலையிடிதான், ஆனால் அதை அன்றே தீர்த்துவிடலாம்.

கணக்கு மென்பொருள் சிஸ்டம்டி சேவையாக ஓடுவதானால், ரிக்வயர்ஸ்-மவுன்ட்ஸ்-போர் என்ற வரியை அதன் அமைப்பில் எழுதலாம். மவுன்ட் இல்லாமல் அந்தச் சேவை தொடங்காது. ஆனால் பெட்டி பின்னர் எழும்பியதும் சேவையை ஒருவர் கையால் தொடக்கி வைக்க வேண்டியிருக்கும். இரவுக் காப்புப் பிரதிக் கட்டளையின் முதல் வரி, மவுன்ட்பொயின்ட் கட்டளை மூலம் மூடி பொருந்தியுள்ளதா என்று பார்த்து, இல்லையேல் நின்றுவிட வேண்டும். இன்னுமொரு காவல் உண்டு: மவுன்ட் இல்லாத வேளையில் அந்த வெற்றுக் கோப்புறையைச் சட்டர் கட்டளையால் மாற்ற முடியாததாகப் பூட்டிவிட்டால், ரூட் பயனரால்கூட அங்கே தவறுதலாக எழுத முடியாது. ஒரு நிமிட வேலை. இவை எல்லாவற்றிலும் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

எப்எஸ்டாப்பில் பெயருக்குப் பதிலாக ஐபி முகவரியை எழுதுங்கள். ரவுட்டரில் அந்த முகவரியைப் பெட்டிக்கென ஒதுக்கி வையுங்கள். மாற்றங்களைச் செய்த பின்னர் ஃபைன்ட்மவுன்ட் கட்டளையின் வெரிஃபை தெரிவால் கோப்பைச் சரிபார்க்காமல் சேர்வரை மீண்டும் இயக்கவே கூடாது, குறிப்பாகத் தொலைவிலிருந்து. ஏற்கனவே தோற்றிருந்தால், தோற்ற சேவைகளின் பட்டியலையும் ஜேர்னல் பதிவையும் முதலில் படிக்க வேண்டும். பெட்டியை அடைய முடியவில்லை, பெயர் தெரியவில்லை, அனுமதி மறுக்கப்பட்டது ஆகிய மூன்றும் மூன்று வேறு நோய்கள். மூன்றுக்கும் சேர்வரை நிறுத்தி இயக்குவதே மருந்து என்று நினைப்பவர்கள் அதிகம்.

விண்டோஸ் பாவிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இசட் டிரைவ் என்று எழுத்துக் கொடுத்து இணைக்கும் பகிர்வு, நீங்கள் உள்நுழையும்போது உங்களுக்காக மட்டும் இணைவது. பின்னணியில் ஓடும் சேவைகளுக்கு அது தெரியாது. காப்புப் பிரதி மென்பொருளுக்கு இரட்டைச் சாய்கோட்டுடன் தொடங்கும் முழுப் பாதையைக் கொடுங்கள்.

மென்பொருளில் கைவைக்கும் முன் மின் இணைப்பையும் பார்த்துவிடுங்கள். யூபிஎஸ் வாங்கும் பலர் சேர்வரை மட்டும் அதில் செருகிவிட்டு, சுவிட்சையும் நாஸ் பெட்டியையும் சுவர் மின்சாரத்தில் விட்டுவிடுகிறார்கள். மூன்றும் ஒரே யூபிஎஸ்ஸில் இருக்க வேண்டும். மின்சாரம் திரும்பியதும் தானாக இயங்கும் அமைப்பு பெட்டியில் செயற்படுத்தப்பட்டுள்ளதா என்று பாருங்கள். பல சேர்வர்களில் மின்சாரம் வந்த பின்னர் சிறிது தாமதித்து எழும்பும் அமைப்பும் உண்டு.

பின்னர் ஒரு ஞாயிறு மாலை, கடை பூட்டிய பிறகு, எல்லாவற்றையும் முறைப்படி நிறுத்திவிட்டு, பிரதான ஆளியை அணைத்து மீண்டும் போடுங்கள். ரவுட்டர், சுவிட்ச், பெட்டி, சேர்வர் ஒவ்வொன்றும் தயாராக எத்தனை நிமிடம் எடுத்தது என்பதைக் கடிகாரத்தைப் பார்த்து ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளைச் சேர்வர் அலுமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டி, கணினிப் பொறுப்பாளரின் தொலைபேசி இலக்கத்தையும் அதிலேயே எழுதிவிடுங்கள். அடுத்த மின்தடையின்போது களஞ்சியசாலையில் இருக்கப்போவது அவரல்ல, காவலாளிதான்.