மரப்பு ஊசியில் கூட்டு மருந்து

கேள்வி: அம்மாவுக்குக் கணுக்கால் ஆபரேஷன். காலை மரக்கவைக்கும் ஊசியில் இன்னொரு மருந்தும் கலப்பார்களாமே, தேவையா?
- வாசகி, தேவிகுளம்

பதில்: பெரும்பாலும் தேவையில்லை என்பேன். புபிவகைன் போன்ற மரப்பு மருந்தோடு டெக்சாமெத்தசோன் சேர்த்தால் மரப்பு சராசரியாக 6 மணி நேரத்துக்கு மேல் நீள்கிறது என்கிறது 2017-ல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு. ஆனால் அது கை ஆபரேஷன்களில் கிடைத்த கணக்கு. காலுக்குச் சான்று போதாது என்று அதுவே சொல்லிவிடுகிறது. முதல் ராத்திரியாவது வலியில்லாமல் தூங்கட்டுமே என்பீர்கள். நியாயம்தான். அதே மருந்தை ரத்தக்குழாயில் போட்டாலும் ஏறக்குறைய அந்தப் பலன் வரும், நரம்பருகே அதைச் செலுத்த வேண்டியதில்லை. இப்படிக் கலக்கும் இன்னொரு மருந்தான டெக்ஸ்மெடிடோமிடினோ நாடித்துடிப்பைக் குறைக்கும். மரப்பு நீண்டால் வேறு சிக்கலும் உண்டு: மரத்த கால் வீட்டுப் படியில் தடுமாறும். மாவுக்கட்டு இறுகினாலும் உறைக்காது. டெக்சாமெத்தசோன் சர்க்கரையை ஏற்றும். அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தால் மயக்க மருத்துவரிடம் முன்னதாகவே சொல்லிவிடுங்கள்.