பழைய வால்வுப் பெருக்கியைச் செப்பனிடும் முறை

தோற்றுவாய்

முதுமையால் வந்த தளர்ச்சி வேறு. பிறப்பிலேயே அமைந்த இயல்பு வேறு. இவ்விரண்டையும் பகுத்தறியாது மருந்திடும் மருத்துவன் நோயை நீக்கப் புகுந்து நோயாளனையே வேறொருவனாக்கி விடுவான். இவ்வுண்மை மக்கள் உடம்பிற்கேயன்றி மக்கள் கையாற் செய்த கருவிகட்கும் பொருந்தும். மின்சாரக் கிதாரின் ஒலியைப் பெருக்கும் பழைய வால்வு ஆம்ப்ளிபையர் ஒன்றனை எடுத்துக்கொண்டு, அதனைச் செப்பனிடுங்கால் எதனை மாற்றவேண்டும், எதனைத் தொடாது விடவேண்டும் என்பதனை ஈண்டு ஆராய்வாம். சுருக்கம் கருதி அதனைப் பெருக்கி என்றே வழங்குவாம்.

அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியாவிலுள்ள புல்லர்ட்டன் நகரில் ரேடியோ செப்பனிடும் கடை நடத்திவந்த லியோ பெண்டர் என்பார், 1946-ஆம் ஆண்டில் தம் பெயரால் இசைக்கருவித் தொழிற்சாலை ஒன்றை நிறுவினார். அவ்வாலையினின்று 1955 முதல் 1960 வரை வெளிவந்த டீலக்ஸ் பெருக்கி 5ஈ3 என்னும் குறியீடு பெற்றது. மூன்று குமிழ்களே உடைய இச்சிறு பெட்டியை நீல் யங் முதலிய பெரும் பாடகர் பெரிதும் விரும்பிக் கையாண்டனர். இதுவே நம் எடுத்துக்காட்டு.

உறுப்புக்களும் அவற்றின் தொழிலும்

கிதாரினின்று வரும் மின்னலை மிகச் சிறியது. அதனை முதற்கண் ஏற்றுப் பெருக்குவது 12ஏஒய்7 என்னும் வால்வு. அடுத்து நிற்கும் 12ஏஎக்ஸ்7 அதனை மேலும் பெருக்கி, ஒன்றற்கொன்று எதிரான இரண்டு அலைகளாகப் பிரிக்கும். அவற்றை 6வி6ஜிடி வால்வுகள் இரண்டும் ஏற்று வலிமையூட்ட, வெளியீட்டு டிரான்ஸ்பார்மர் வாயிலாக 12 அங்குல ஸ்பீக்கர் ஒலிக்கும். 5ஒய்3ஜிடி என்னும் ரெக்டிபையர் வால்வு மாறுமின்னோட்டத்தை ஒருதிசை ஓட்டமாக்கும். 16 மைக்ரோபாரட் அளவுள்ள கண்டென்சர்கள் மூன்று அதன் ஏற்றத்தாழ்வை நிரவும்.

கம்பியை வன்மையாக மீட்டினால், 6வி6 வால்வுகள் மிகுந்த மின்னோட்டத்தை வேண்டும். அப்போது ரெக்டிபையரின் உட்டடையால் மின்னழுத்தம் சற்றே தாழும். ஒலியும் ஒருகணம் அமுங்கிப் பின் மெல்ல விரியும். வால்வுகள் தம் எல்லையைத் தொட்டவுடன் அலையின் முடி தட்டையாகி, மூல ஒலியில் இல்லாத மேற்சுரங்கள் பிறக்கும். அளவுகருவி கொண்டு நோக்குவார் இதனைக் குறை என்பர். இசைவாணரோ இதனையே அக்கருவியின் குரல் என்பர். செப்பனிடுவோன் காக்கவேண்டுவது இக்குரலேயாம்.

உயிர்க்காப்பு

எனினும், குரலினும் முன்னர்க் காக்கவேண்டுவது தன்னுயிர். இப்பெருக்கியினுள் 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னழுத்தம் உண்டு. சுவரினின்று பிளக்கைப் பிடுங்கிய பின்னரும் கண்டென்சர்கள் அதனைத் தேக்கி வைத்திருக்கும். ஆதலின், நன்கு உறையிட்ட கம்பிகள் இணைத்த 10,000 ஓம், 5 வாட் ரெஸிஸ்டர் ஒன்றனால் ஒவ்வொரு கண்டென்சரின் நேர்முனையையும் உலோகச் சட்டத்தோடு 10 விநாடி சேர்த்துப் பிடித்துத் தேக்கத்தை வடிக்க வேண்டும். பின்னர் மீட்டரால் அளந்து, சுழியமென்று கண்ட பின்னரே கை வைக்க வேண்டும். மின்னோட்டம் உள்ளபோது அளக்க நேரின், ஒருகையைச் சட்டைப்பையில் இட்டுக்கொள்வது வல்லுநர் வழக்கு. இருகையும் பட்டால் மின்சாரம் நெஞ்சின் வழியே பாயுமன்றோ?

பழுது நீக்குதல்

அக்காலத்துப் பெருக்கிகள் பலவற்றில் மின்வடம் இரண்டே கம்பி உடையது. மின்கம்பிக்கும் சட்டத்திற்கும் இடையே சிறு கண்டென்சர் ஒன்றும் இருக்கும். அது பழுதுற்றால் சட்டத்தில் மின்சாரம் ஏறும். கிதாரின் கம்பியைத் தொட்டவன் மைக்கையும் தொட்டால் உயிரிழத்தலும் கூடும். ஆதலின், அதனை நீக்கி, மூன்று கம்பி வடமிட்டு, நிலக்கம்பியைச் சட்டத்தோடு உறுதியாகப் பிணைத்தல் முதற்கடன். இம்மாற்றத்தால் குரல் சிறிதும் கெடுவதில்லை.

இரண்டாவது, மின்னழுத்தம் நிரவும் கண்டென்சர்கள். இவற்றினுள் உள்ள ஈரப்பசை பல்லாண்டுகளில் உலர்ந்துபோம். அதனால் ஓயாத இரைச்சல் எழும். இவற்றைப் புதுக்கவே வேண்டும். ஆனால், பெரியது நல்லது என்று கருதிப் பன்மடங்கு பெரிய கண்டென்சரை முதலிடத்தில் வைத்தல் தவறு. தொடக்கத்தில் அது ஈர்க்கும் மின்னோட்டத்தை 5ஒய்3 தாங்காது. 16 அல்லது 22 மைக்ரோபாரட்டே சாலும்.

மூன்றாவது, வால்வுக்கும் வால்வுக்கும் இடைநிற்கும் கண்டென்சர்கள். இவை அலையை மட்டும் விடுத்து, ஒருதிசை மின்னழுத்தத்தைத் தடுக்க வேண்டியவை. இவற்றில் கசிவு உண்டாயின் 6வி6 வால்வின் கிரிட்டில் நேர் மின்னழுத்தம் தோன்றும். வால்வு சிவக்கக் காய்ந்து அழியும். மீட்டரால் அளந்து, கசிவதை மட்டும் மாற்றுக. கசியாததைப் பழையதென்னும் ஒன்றே பற்றிக் களையற்க.

செப்பனிட்ட பின் முதன்முறை மின்சாரம் பாய்ச்சுங்கால், 60 அல்லது 100 வாட் இழைவிளக்கு ஒன்றைத் தொடரில் இணைத்தல் நன்று. உள்ளே எங்கேனும் மின்கம்பிகள் தவறித் தொட்டிருப்பின் விளக்கு முழு ஒளியோடு எரிந்து காட்டிக்கொடுக்கும். பெருக்கிக்குத் தீங்கு நேராது.

கணக்கு ஒன்று

வெளியீட்டு வால்வுகள் இரண்டற்கும் பொதுவான கேதோடு ரெஸிஸ்டர் 250 ஓம் அளவினது. அதன் மேல் 20 வோல்ட் காண்பதாகக் கொள்வோம். 20-ஐ 250-ஆல் வகுக்க 0.08 ஆம்பியர், வால்வு ஒன்றுக்கு 0.04. பிளேட்டுக்கும் கேதோடுக்கும் இடையே 340 வோல்ட் இருப்பின், 340 × 0.04 = 13.6 வாட். திரைக்கிரிட்டுக்குச் செல்லும் சிறுபங்கைக் கழித்தால் இது சற்றே குறையும். 6வி6ஜிடிஏ வால்வின் பிளேட் தாங்கும் மேலெல்லை 14 வாட் என்பது வால்வுப் பட்டியல்களால் அறியப்படும். ஆகவே, இப்பெருக்கி எப்போதும் எல்லையின் ஓரத்திலேயே நிற்பது தெளிவு. இன்று அமெரிக்க வீடுகளில் வரும் 120 வோல்ட் அக்காலத்ததினும் சிறிது மிகுதி. ஆதலின், மின்னழுத்தத்தைச் சிறிது தாழ்த்தித் தரும் டிரான்ஸ்பார்மர் ஒன்றை முன்னே வைத்தல் அறிவுடைமை.

மாற்றியமைத்தல்

பழுது நீக்குதல் கடமை, மாற்றியமைத்தல் விருப்பம். விருப்பத்திற்கு எல்லை வேண்டும். மீண்டும் பழைய நிலைக்குக் கொணரக் கூடியதாயின் செய்க, கூடாதாயின் விடுக. பெருக்கும் எண் ஏறத்தாழ 44 உள்ள 12ஏஒய்7 வால்வை எடுத்து, அவ்வெண் 100 உள்ள 12ஏஎக்ஸ்7 வால்வை அவ்விடத்திற் செருகினால் ஒலி விரைவிற் கரகரக்கும். பிடிக்காவிடின் ஒரு நிமிடத்தில் பழையதை இட்டுவிடலாம். இடைக் கண்டென்சரை 0.1-இனின்று 0.022 மைக்ரோபாரட்டுக்குக் குறைத்தால் தாழ்ந்த சுரங்கள் மெலிந்து ஒலி தெளியும். கழற்றிய உறுப்பை ஒரு பையிலிட்டுப் பெட்டியினுள்ளேயே வைத்துவிடுக. ஆனால், சட்டத்திற் புதுத்துளை இடுதலும், ரெக்டிபையர் வால்வுக்கு ஈடாக டயோடு இடுதலும் வேண்டா. இட்ட துளை மூடாது. டயோடோ மின்னழுத்தத்தை ஏற்றி, முற்கூறிய 14 வாட் எல்லையைக் கடக்கச் செய்யும்; அமுங்கி விரியும் அழகையும் ஒழிக்கும்.

முடிபு

ஏட்டுச் சுவடியைப் பெயர்த்தெழுதுவோன், செல்லரித்த இடம் எது, புலவன் வேண்டுமென்றே வைத்த அருஞ்சொல் எது என்று பிரித்தறிய வேண்டும். தனக்கு விளங்காத சொல்லையெல்லாம் பிழையென்று திருத்துவானாயின், நூல் அழிந்து திருத்தமே எஞ்சும். பழம்பெருக்கியைத் திறப்பவன் நிலையும் அதுவே. உலர்ந்த கண்டென்சர் செல்லரித்த ஏடு. தாழும் மின்னழுத்தமும் தட்டையாகும் அலையும் புலவன் சொல். முன்னதை அஞ்சாது மாற்றுக. பின்னதை அறியாது தொடற்க. அளந்து அறிந்த பின்னரே சூட்டுக்கோலை எடுப்பவன் கையில் அக்கருவி தன் பழங்குரலோடு இன்னும் பல்லாண்டு பாடும்.